கண்ணாடி வழக்கு

காவோலாக் காவல் நிலையத்தில் தட்டச்சு என் வேலை.
அவர்கள் வோலோஃப் மொழியில் சொல்வார்கள்,
நான் பிரெஞ்சில் அடிப்பேன்.
படிவத்தில் வாக்குமூலத்துக்கு நான்கு வரி.
மின்விசிறி சுழன்றால் உப்பளத்து வாடை.

வண்டிப்பேட்டையில் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி
சுக்குநூறு.
ஓட்டுநர் ம்பாஞிக் விரலை நீட்டினான்:
மோ கோ தோஜ்.
இவள்தான். உடைத்தது இவள்தான்.

தோஜ் என்றால் உடை.
எங்கள் மொழியில் அது அசையாது.
நான் வந்தாலும், நீ வந்தாலும், நாளையே வந்தாலும்
நகர்ந்து இடம் கொடுக்காத
ஜன்னலோரப் பயணி மாதிரி
உட்கார்ந்தே இருக்கும்.
ஏறுவதும் இறங்குவதும் சின்னச் சொற்கள்.
முன்னால் ஏறினால் ஒரு பொருள்,
பின்னால் தொற்றினால் இன்னொன்று.
பிரெஞ்சு வினையோ
ஆளுக்கு ஆள் சட்டை மாற்றும்.

கடலை விற்கும் ஆராம் சியூன்
கூடையை என் மேசைமேல் வைத்தாள்.
தோஜ் நா கோ, என்றாள்.
உடைத்தாயிற்று.
'நா' பின்னால் வந்தால் காரியம் முடிந்தது.
பெருமையும் கிடையாது, வருத்தமும் கிடையாது,
அடுப்பை அணைத்துவிட்டேன் என்பது போல.
அடித்தேன்: நான் கண்ணாடியை உடைத்தேன்.

அப்போது புகுந்தான் லாட்டிர்,
வேனின் பின்படியில் தொங்கும் பையன்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
மா கோ தோஜ்!
பின்னால் இருந்த 'நா'வைக் காணோம்.
'மா' முன்னால் நிற்கிறது, மார்பைத் தட்டிக்கொண்டு.
நான்தான், வேறு யாருமில்லை.
இவ்வளவு சீக்கிரம் 'மா' போடுகிறவன்
பெரும்பாலும் பொய்தான் சொல்கிறான்,
பதினொரு வருடமாகக் கேட்கிறேன்.
ஆனாலும் அடித்தேன்: நான் கண்ணாடியை உடைத்தேன்.

ஆராம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஸேத்து பி லா தோஜ்.
கண்ணாடியைத்தான் உடைத்தேன்.
'லா' வந்துவிட்டால்
உடைபட்ட பொருள் முன்னிருக்கைக்குப் போய்விடும்.
கண்ணாடியைத்தான்.
கண்ணை அல்ல என்று அவள் சொல்லவில்லை,
ம்பாஞிக் இமையைத் தொட்டுக்கொண்டான்.
அடித்தேன், அதே வரி.

ஏன், என்றார் பிரிகேடியர்.
தமா கோ தோஜ்.
'தமா' என்று ஆரம்பித்தால்
காரணம் வாசலில் வந்து நிற்கிறது என்று அர்த்தம்.
உள்ளே வந்தது:
ஏழு மாதமாக அந்தக் கண்ணாடியில் இரண்டு கண்கள்,
கடலை அளக்கும் என் கையில் தொடங்கி
மேலே, மேலே.
நான்காவது வரியும் தீர்ந்தது.
காரணத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஸேத்துமா கோ! கத்தினான் ம்பாஞிக்.
இவளை நான் தேடிப் பார்த்ததே இல்லை!
ஸேத் என்பது பார்வை,
'உமா' வந்து ஒட்டினால் இல்லை என்றாகும்.
ஆனால் இரண்டும் ஒட்டிய இடத்தில்,
மறுக்கிற சொல்லுக்குள்ளேயே,
ஸேத்து.
கண்ணாடி.
ஒரு கீறல்கூட இல்லாமல்.

முதலில் சிரித்தது பிரிகேடியர்.
அப்புறம் லாட்டிர், செருப்பில்லாத காலை மறைத்தபடி.
நான் உருளையிலிருந்து தாளை உருவினேன்.
நான்கு வரி, நான்கும் ஒன்று.
மேலதிகாரி படித்தால்
யாருக்கோ திக்குவாய் என்று நினைப்பார்.

பாதிப் பணம் அவள், பாதி அவன் என்று முடிந்தது.
வெள்ளிக்கிழமை கடலை வாங்கப் போனேன்.
வேனில் புதுக் கண்ணாடி,
முகம் வானத்தைப் பார்க்கத் திருப்பிவைத்திருந்தது.
இதை உடைக்கவில்லையா, என்றேன் விளையாட்டாக.

தோஜாகுமா கோ, என்றாள்,
காகிதச் சுருளில் ஒரு பிடி கூடப் போட்டு.

உடைக்கவில்லை என்பதற்கு
தோஜூமா போதும்.
நடுவே அவள் செருகிய அந்த 'ஆகு',
அதுதான்
இன்னும்.